ஆறாம் நம்பர் பிரஸ், மூன்றாம் பக்கம்

ஓசூர்
11.1.1999

திரு. அதாவுல்லா அவர்களுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் யார் என்று தெரிந்திருக்கும். ஏழு வருடம் மெயின்டனன்ஸ் ஷாப் நோட்டில் இதே கையெழுத்தில்தான் உங்களுக்கு வேலை எழுதிக் கொடுத்தேன். நலம் விசாரிப்பதை இரண்டு பக்கமும் விட்டுவிடலாம். நாம் பேசிப் பதினோரு வருடம் ஏழு மாதம் ஆகிறது.

போன மார்ச்சில் கம்பெனி எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுப் புத்தகத்தைப் பார்த்து வலைப்பக்கம் எழுதக் கற்றுக்கொண்டேன். என் பெயரில் மூன்று பக்கம் தயாராக இருக்கிறது. முதல் பக்கத்தில் என் படிப்பும் அனுபவமும். இரண்டாம் பக்கத்தில் நான் வடிவமைத்த டைகளின், அதாவது பிரஸ்ஸில் பொருத்தும் இரும்பு அச்சுகளின், படங்கள். மூன்றாம் பக்கம் 1987 மே 30 பற்றியது. அன்று தகடு அடிக்கிற ஆறாம் நம்பர் பிரஸ்ஸில், அதை ஓட்டிய கரியப்பன் இடது கை விரல் நான்கை இழந்தார். அந்தப் பழி என் மேல் விழுந்தது. எப்படி விழுந்தது என்று எழுதியிருக்கிறேன். உலகத்தில் ஓர் இடத்திலாவது என் தரப்பு இருக்க வேண்டும்.

இதை இணையத்தில் ஏற்ற வேண்டும். என் வீட்டில் டெலிபோன் கிடையாது. விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அது தன் போக்கில் நகர்கிறது. இங்குள்ள பிரவுசிங் சென்டரில் கேட்டேன். "ஃப்ளாப்பி எல்லாம் உள்ள போடக் கூடாதுங்க சார், வைரஸ் வந்துடும்" என்றார்கள். ஏதோ என் வீட்டில் அம்மை போட்டிருக்கிற மாதிரி. இந்தப் பக்கத்தில் எஃப்.டி.பி. வேலை தெரிந்தவர் கிருஷ்ணகிரி அதாவுல்லா ஒருவர்தான் என்று மூன்று பேர் சொன்னார்கள். வேறு ஆள் சொல்லக்கூடிய நான்காவது ஒருவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

மூன்றாம் பக்கத்தில் உங்கள் பெயர் வருகிறது, நல்லபடியாக வரவில்லை. மறைத்து வேலை வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை. முடியும், முடியாது என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

ராமப்பன்


கிருஷ்ணகிரி
18.1.1999

மதிப்பிற்குரிய ராமப்பன் சார்,

வணக்கம். முடியும்.

பொங்கல் லீவில் தபால் தாமதமாக வந்தது, மன்னிக்கவும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் கடை. ஒரு பாதியில் கம்ப்யூட்டர், மறு பாதியில் பழைய தொழில், பேனல் வயரிங். ஓசூர் யூனிட்டுகளுக்கும் செய்து கொடுக்கிறேன்.

வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கங்கள் உங்கள் வீட்டில் இருக்கும் வரை நீங்கள் மட்டும்தான் படிக்கலாம். அமெரிக்காவில் ஒரு கம்பெனி இலவசமாக இடம் கொடுக்கிறது. உங்கள் பெயரில் அங்கே ஒரு ஃபோல்டர் திறக்கிறேன். டெலிபோன் லைன் வழியாக அந்த ஃபோல்டருக்கு ஃபைல்களை ஏற்றுவதுதான் எஃப்.டி.பி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அதே பெயரில் இன்னொரு ஃபைல் போனால் பழையது அழிந்துவிடும். 'அழிக்கட்டுமா' என்று கேட்கவே கேட்காது.

ஃப்ளாப்பியைத் தபாலில் போடாதீர்கள். சீல் குத்துகிற குத்தில் உடைந்துவிடும். ஓசூர்-கிருஷ்ணகிரி பஸ்ஸில் கண்டக்டர் முனிசாமி என்று ஒருவர், ஒரு நாளைக்கு நான்கு நடை வருவார். அவரிடம் கொடுத்தால் கடைக்கே கொண்டுவந்து கொடுப்பார். ஓசூர்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

என் பெயர் இருப்பது பற்றி: இருக்கட்டும். நான் ஏற்றுகிறவன். திருத்துவது என் வேலை இல்லை.

உங்கள் வீட்டு ஜோதியம்மாள் அக்காவை என் மனைவி காத்தூன் விசாரிக்கச் சொன்னாள். அந்தச் சடங்கைப் பெண்கள் விடமாட்டார்கள் போலிருக்கிறது.

அதாவுல்லா


ஓசூர்
25.1.1999

திரு. அதாவுல்லா அவர்களுக்கு,

முனிசாமியிடம் இரண்டு ஃப்ளாப்பி கொடுத்திருக்கிறேன். இரண்டிலும் அதே ஒன்பது ஃபைல்கள். ஒன்று 'கெட்டுப்போய்விட்டது' என்ற செய்தி வந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று.

மூன்றாம் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் எழுத்து மற்றவர்கள் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியுமாம். அதன் சாரத்தை உங்களுக்குத் தமிழிலேயே எழுதுகிறேன். பிறகு 'இப்படி இருக்கும் என்று தெரியாது' என்று சொல்லக் கூடாது.

ஆறாம் நம்பர் பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் டை கீழே இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால் ஒரு பட்டனை அழுத்தித் தீக்குச்சி செருகிவிடுவார்கள். அது அழுந்தியே இருக்கும். ஒரு கையால் பீஸ் வைத்து மறு கையால் அடிக்கலாம், வேகம் கூடும். இது ஷாப்பில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அன்று இடது பட்டன் ஏற்கெனவே பழுது, அதில் தீக்குச்சி. நோட்டில் எழுதி அனுப்பாமல் காலை 10.30க்கு நானே நடந்து உங்கள் ஷாப்புக்கு வந்து, 'ஆறாம் நம்பரில் இடது பட்டன் வேலை செய்யவில்லை, தீக்குச்சி செருகி ஓட்டுகிறார்கள், வந்து சரி செய்' என்று சொன்னேன். 'பார்க்கிறேன் சார்' என்றீர்கள். 11.40க்குக் கரியப்பனின் கை போயிற்று. விசாரணையில் உங்களிடம் கேட்டார்கள். 'அப்படி ஒன்றும் சார் என்னிடம் சொல்லவில்லை' என்றீர்கள். ஷிப்ட் எஞ்சினீயர் ராமப்பன் மெஷினைக் கவனிக்கவில்லை என்று தீர்ப்பு எழுதினார்கள்.

அதன் பிறகு எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. நான் மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் எனக்கு மேலதிகாரி ஆனான். அவனுடைய பாராட்டு விழாவில் நானும் கை தட்டினேன். பதினோரு வருடம் கேன்டீனில் தனி மேசையில் சாப்பிட்டேன்.

இவ்வளவுதான் மூன்றாம் பக்கம். என் டைரியில் அன்றே '10.30 அதாவுல்லாவிடம் சொன்னது' என்று எழுதிவைத்த பக்கத்தை ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து சேர்த்திருக்கிறேன். ஓர் எழுத்து மாறினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

ராமப்பன்


கிருஷ்ணகிரி
2.2.1999

ராமப்பன் சார்,

நேற்று ஏற்றிவிட்டேன். லைன் இரண்டு முறை அறுந்தது, மூன்றாம் முறை முழுவதும் போய்ச் சேர்ந்தது. முகவரியைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். எந்தச் சென்டரிலும் அதை அடித்தால் உங்கள் பக்கம் வரும்.

ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. மூன்றாம் பக்கத்தை ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை படித்தேன். ஏற்றிய பிறகு ஒரு தடவை படித்தேன்.

இரண்டு ஃப்ளாப்பியும் முனிசாமியிடம் திரும்ப வருகிறது. இரண்டும் கெடவில்லை.

அதாவுல்லா


ஓசூர்
20.2.1999

அதாவுல்லா,

'திரு' போட மனம் வரவில்லை.

நேற்று பழைய சகா இருவரைப் பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனேன். பதினோரு வருடமாக என்னைப் பின்னால் பேசியவர்கள், முன்னால் படிக்கட்டும் என்று. பக்கம் திறந்தது. எழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது. படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. என் முகம் பாதி வரை வந்து அதற்குக் கீழே சாம்பலும் பச்சையுமாகப் பட்டை. அவர்களில் ஒருவனான செல்வம் சிரித்தான். "என்னா சார், வெல்டிங் பத்தாம மூஞ்சி வுட்டுப்போச்சு?" என்றான். டைகளின் படங்களும் அப்படியே. அது போகட்டும். மூன்றாம் பக்கத்தில் என் டைரிப் பக்கம் இருந்த இடத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அது.

"பேப்பர் எங்க சார்?" என்று செல்வம் கேட்டான். "அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்லையா?"

ஓர் எழுத்தை மாற்றினால் தெரிந்துவிடும் என்று எழுதினேன். நீ எழுத்தைத் தொடவில்லை, ஆதாரத்தைத் தொட்டாய். கெட்டிக்காரன். விசாரணையிலும் அப்படித்தான். நீ என் மேல் எந்தப் புகாரும் சொல்லவில்லை. 'சொல்லவில்லை' என்ற ஒரே ஒரு வார்த்தையைச் சொன்னாய்.

ஃபோல்டரின் கடவுச்சொல்லை அனுப்பு. இனி உன் கை அதில் படக் கூடாது.

ராமப்பன்


கிருஷ்ணகிரி
26.2.1999

ராமப்பன் சார்,

படம் கெட்டது என் தவறு. வேண்டுமென்று செய்த தவறு இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், விவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எஃப்.டி.பி.யில் அனுப்புவதற்கு இரண்டு முறை உண்டு. எழுத்து ஃபைலுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் எழுத்து என்றே நினைத்துக்கொண்டு போகிற வழியில் வரி முடிவுகளை மாற்றி எழுதும். எழுத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. படத்தில் நடுவே ஒரு புள்ளி மாறினாலும் அதற்குக் கீழே எல்லாம் நாசம். படம் ஏற்றுவதற்கு முன் 'பைனரி' என்று ஒரு வார்த்தை அடிக்க வேண்டும். உங்கள் மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்தவன் அதை அடிக்க மறந்துவிட்டேன். கடைசியாக ஏற்றிய ஒன்றுக்குத்தான் நினைவு வந்தது. ஏற்றிய பிறகு எழுத்தைப் பார்த்தேனே தவிர, படங்கள் வருகிற வரை காத்திருந்து பார்க்கவில்லை. அதுவும் என் தவறு.

நானே மறுபடி ஏற்றிவிடலாம். நீங்கள் சொன்ன பிறகு அது முறை இல்லை. கடவுச்சொல் தனி உறையில் இருக்கிறது. உங்கள் ஊரில் ராயக்கோட்டை ரோட்டில் புதிதாக ஒரு சென்டர் திறந்திருக்கிறார்கள். வீரலட்சுமி என்ற பெண் நடத்துகிறாள். இந்தக் கடையில் படித்தவள்தான். ஃப்ளாப்பியைச் சோதித்துவிட்டு அனுமதிப்பாள்.

கறுப்புத் திரையைத் திறந்து எஃப்.டி.பி. என்று அடியுங்கள். முகவரி, பெயர், கடவுச்சொல் கேட்கும். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்பட வேண்டாம். உள்ளே போனதும் முதலில் 'டிர்' என்று அடித்து ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று முழுவதும் பாருங்கள். வெளியிலிருந்து பக்கத்தைப் பார்க்கிறவர்களுக்கு, நீங்கள் இணைப்புக் கொடுத்தது மட்டும்தான் தெரியும். உள்ளே போனவருக்கு எல்லாம் தெரியும். பிறகு 'பைனரி'. பிறகு 'புட்' என்று அடித்து ஃபைல் பெயர். அங்கிருந்து ஒன்றை எடுக்க வேண்டுமானால் 'கெட்'. அழிக்க 'டெலீட்'. முடிந்ததும் 'பை'.

அதாவுல்லா


ஓசூர்
9.3.1999

அதாவுல்லா,

படங்களை ஏற்றிவிட்டேன். எல்லாம் தெரிகிறது. பைனரி விஷயத்தில் நீ சொன்னது உண்மை. அந்த ஒரு விஷயத்தில் என் போன கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

'டிர்' அடித்தேன். நான் கொடுத்தது ஒன்பது ஃபைல். அங்கே பத்து இருந்தது. என் தாளை வைத்துச் சரிபார்த்தேன். பத்தாவதற்கு 'என்கொயரி' என்று பெயர். பிப்ரவரி ஒன்றாம் தேதி போட்டது. எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு இணைப்பு இல்லை. 'கெட்' அடித்து ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து திறந்தேன். உன் கையெழுத்து. ஸ்கேன் செய்த ஒரு முழுத்தாள். கீழே பெயர், தேதி, கையொப்பம்.

பல தடவை படித்ததில் மனப்பாடமே ஆகிவிட்டது:

'1987 மே 30 அன்று காலை 10.30க்கு ராமப்பன் சார் என்னிடம் வந்து ஆறாம் நம்பர் பிரஸ்ஸின் இடது பட்டன் பழுது என்றும் தீக்குச்சி செருகி ஓட்டுகிறார்கள் என்றும் சொன்னார். பார்க்கிறேன் என்றேன். கையில் வேறு வேலை இருந்தது, போகவில்லை. விசாரணையில் அவர் என்னிடம் சொல்லவில்லை என்று சொன்னேன். அது பொய். வேலை போய்விடும் என்று பயந்து, எனக்காகச் சொன்ன பொய். 10.30க்கும் 11.40க்கும் நடுவில் எழுபது நிமிடம் அந்த பிரஸ் ஓடியது. நான் போகாமல் இருந்த எழுபது நிமிடத்தை இதில் எழுதிவிட்டேன். சாருடைய எழுபது நிமிடத்தை அவர்தான் எழுத வேண்டும்.'

முதல் தடவை படித்தபோது கடைசி வரி என் கண்ணில் படவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. ஜோதியம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப பத்தரைக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"அதைத்தானே இத்தனை வருசமா கத்திக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

"இல்ல, குச்சி செருகி ஓட்டறாங்கன்னு தெரியுமான்னு கேட்டேன். தெரிஞ்சுமா ஓட வுட்டீங்க?"

இந்தக் கதையை அவளிடம் குறைந்தது நூறு தடவை சொல்லியிருப்பேன். 'சொன்னேன்' என்பதில்தான் எப்போதும் நின்றேன். அதற்கு மேல் அவளும் கேட்டதில்லை.

பதில் என்னிடம் இருக்கிறது. மாதக் கடைசி. நானூறு பீஸ் குறைவு. நிறுத்தினால் மேனேஜர் என்னைக் கேட்பார். மெயின்டனன்ஸில் சொல்லியாகிவிட்டது, இனி அது அவர்கள் பொறுப்பு என்று நினைத்தேன். இதை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தமாகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டேன்.

மறுநாள் மறுபடி சென்டருக்குப் போனேன். 'டெலீட்' அடித்து உன் ஃபைலின் பெயரையும் அடித்தேன். என்டர் தட்டவில்லை. லைன் தானாக அறுகிற வரை உட்கார்ந்திருந்தேன். "சார், எதாச்சும் மாட்டிக்கிச்சா?" என்று அந்தப் பெண் வந்து கேட்டாள்.

நீ ஏன் இதை வெளியில் சொல்லாமல் என் ஃபோல்டருக்குள் போட்டுவிட்டுப் போனாய்? என்னை மிரட்டுகிறாயா, மன்னிப்புக் கேட்கிறாயா? எதுவானாலும் நேராக எழுது.

ராமப்பன்


கிருஷ்ணகிரி
13.3.1999

ராமப்பன் சார்,

நேராகவே எழுதுகிறேன். மன்னிப்புத்தான். பதினோரு வருடம் முன்னால் கேட்டிருக்க வேண்டும். விசாரணை முடிந்த மறுவாரம் உங்கள் வீட்டுத் தெருமுனை வரை வந்தேன். நீங்கள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பிவிட்டேன்.

உங்கள் பக்கத்தில் நான் இணைப்புக் கொடுத்தால் அது உங்கள் பக்கத்தைத் திருத்துவது ஆகும். மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் ஃபோல்டரில் வைத்தேன். இணைப்பதும் அழிப்பதும் உங்கள் கையில். அழித்தாலும் அசல் தாள் என்னிடம் இருக்கிறது. கேட்கிற இடத்தில் கொடுக்கிறேன். மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கம்பெனியிடமே கொடு என்றாலும் கொடுக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் மூன்றாம் பக்கத்திலும் என் தாளிலும் எழுதியிருப்பது கரியப்பனின் கையைப் பற்றி. அவரிடம் நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ராயக்கோட்டையில் தக்காளி மண்டியில் எடை எழுதுகிறார் என்று கேள்வி. போவதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

அதாவுல்லா


ஓசூர், சிப்காட்
23.3.1999, காலை 10.25

அதாவுல்லா,

ஒரு யூனிட் வாசலில் பெட்டிக்கடை பலகை மேல் வைத்து எழுதுகிறேன். உன் கடைக்கு பூத்திலிருந்து ஐந்து முறை போன் போட்டேன். எங்கேஜ்டு, எங்கேஜ்டு. முனிசாமி பஸ் 10.45க்கு இந்த வழியாகப் போகும். போனோ கடிதமோ, எது முதலில் உன்னை எட்டுகிறதோ எட்டட்டும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சனிக்கிழமை உன் ஃபைலுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: '10.30 முதல் 11.40 வரை பிரஸ் ஓடியது. அதை நிறுத்தும் அதிகாரம் அந்த ஷிப்டில் எனக்கு மட்டுமே இருந்தது. நான் நிறுத்தவில்லை.' இரண்டையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு இன்று காலை முதல் பஸ்ஸில் ராயக்கோட்டை போனேன்.

கரியப்பன் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "யாரு, ராமப்பன் சாரா! தலையெல்லாம் வெளுத்துப்போச்சே. அந்தக் கிரேட்டு மேலயே குந்துங்க, சேரு இல்ல" என்றார். இடது கையின் மிச்சத்தால் நோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் எடை எழுதுகிறார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நடுநடுவே "முப்பத்திரண்டரை!" என்று யாருக்கோ குரல் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"இத யாரு சார் படிப்பாங்க?"

"உலகத்துல யாரு வேணும்னாலும் படிக்கலாம். அமெரிக்காவில்கூட."

"அமெரிக்காக்காரன் படிச்சு என்னா பண்ணப் போறான்? சிப்காட்டுல எவனாச்சும் படிப்பானா?"

கரியப்பன் அடுத்த எடையை நோட்டில் எழுதினார்.

"நீங்க சொன்னீங்க, பாய் சொல்லலன்னாருன்னு ரெண்டு பேரும் இன்னும் அதயே பேசிக்கினு இருக்கறீங்க. குச்சிய செருகுனது நான்தான் சார். நீங்க வந்தீங்க. பட்டனப் பாத்தீங்க, குச்சியப் பாத்தீங்க, ஒண்ணும் சொல்லாம போனீங்க. சரி, சாரே பாத்துட்டாரு, ஓட்டலாம்போலன்னு ஓட்டுனேன்."

கோபமாகச் சொல்லவில்லை. எடை சொல்கிற அதே குரலில் சொன்னார்.

அடுத்து அவர் சொன்னதற்காகத்தான் இந்த அவசரம். அவருடைய பெண் பவளத்துக்குப் பத்தொன்பது வயது. இங்கே ஒரு சின்ன யூனிட்டில் பிரஸ் ஓட்டுகிறாள், ஆறு மாதமாக. "அவ மிசின்லயும் ஒரு பட்டன அமுக்கி டேப்பு சுத்தி வச்சிருக்காங்களாம். மாசக் கடைசிக்கு லோடு போவணுமாம். நேத்து ராத்திரி சொன்னா. பாத்து ஓட்டும்மான்னு சொல்லி அனுப்பிச்சேன். வேற என்னா சொல்றது, வேலைய வுடுன்னு சொல்ல முடியுமா? இத எதுல போடறது சார், உங்க கம்ப்யூட்டருல?"

அங்கிருந்து கிளம்பி நேராக இங்கே வந்தேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

"நீங்க யாரு, லேபர் ஆபீசா?"

"இல்லை."

"பேக்டரி இன்ஸ்பெக்டரா?"

"இல்லை. ரிட்டயர்டு எஞ்சினீயர்."

"அப்ப வூட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு பெரிசு. ஷிப்டுல பொண்ணுங்கள எல்லாம் கூப்பிட முடியாது."

சத்தம் போட்டுப் பார்த்தேன். கேட்டைச் சாத்திவிட்டான். இங்கே நின்றால் உள்ளே பிரஸ் அடிப்பது கேட்கிறது. நான் அந்தச் சத்தத்தோடு இருபத்திரண்டு வருடம் இருந்தவன். இரண்டு கையால் ஓட்டினால் இவ்வளவு வேகம் வராது.

கேட்டுக்கு உள்ளே மெயின் போர்டில் உன் கடை ஸ்டிக்கர் தெரிகிறது. முதலாளி பெயர் நஞ்சுண்டப்பா என்று வாட்ச்மேன் சொன்னான். உனக்குத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். நீ சொன்னால் கேட்பார். எப்படியாவது நிறுத்தச் சொல். அதுவரை நான் இங்கேதான் நிற்பேன்.

ராமப்பன்


கிருஷ்ணகிரி
23.3.1999, பகல் 12.30

ராமப்பன் சார்,

12.05க்கு முனிசாமி கடிதத்தைக் கொடுத்தார். அவருடைய பஸ் திரும்பக் கிளம்புவதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். கடைக்கு இருப்பது ஒரே லைன், அதில்தான் இணையமும். காலையிலிருந்து இணையத்தில் இருந்தேன். உங்கள் மூன்றாம் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சேர்த்த வரியை. அதனால்தான் எங்கேஜ்டு.

இணைப்பைத் துண்டித்துவிட்டு யூனிட்டுக்குப் போன் போட்டேன். நஞ்சுண்டப்பாவே எடுத்தார்.

"என்ன பாய், பில்லா?"

"பில் இல்லைங்க. உங்க பிரஸ்ல ஒரு பட்டனுக்கு டேப் சுத்தியிருக்கு. நிறுத்துங்க."

"யார் சொன்னாங்க? வெளியே ஒரு பெரிசு கத்திட்டு இருக்குதே, அதா?"

"அவரு எங்க எஞ்சினீயர். நிறுத்துங்க."

"ஆயிடுச்சு பாய், இன்னும் இருநூறு பீஸ்தான். சாயங்காலம் வந்து நீங்களே சரி பண்ணிக் கொடுங்க."

"சாயங்காலம் இல்லைங்க, இப்ப. ரிசீவரைக் கீழே வைக்காம மேசை மேல வச்சுட்டுப் போய் நிறுத்துங்க. நான் இங்க கேட்டுக்கிட்டு இருக்கேன். நிறுத்தலைன்னா அடுத்த போன் பேக்டரி இன்ஸ்பெக்டருக்கு. போர்டு வயரிங் செஞ்சவன்னு என் பேரையும் சேர்த்தே சொல்வேன்."

கன்னடத்தில் என்னை ஏதோ திட்டினார். ரிசீவரை மேசை மேல் வைக்கிற சத்தம் கேட்டது. தூரத்தில் பிரஸ் அடித்துக்கொண்டே இருந்தது. எண்ணினேன். பதினான்கு அடி. "ஏய், பந்த் மாட்றோ! மிஷின் பந்த் மாட்றோ!" என்று நிறுத்தச் சொல்லிக் கத்தினார். அதற்குப் பிறகும் ஓர் அடி விழுந்தது. அதற்கு மேல் விழவில்லை. நேரம் 12.21.

அவர் திரும்பி வந்து போனை எடுக்கவில்லை. நானும் இன்னும் வைக்கவில்லை. ரிசீவர் காதில் இருக்க, ஒரு கையால்தான் இதை எழுதுகிறேன், கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏதோ பெண்கள் பேசுகிற குரல் கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை.

புது பட்டன் கடையில் இருக்கிறது. முனிசாமியிடம் இதைக் கொடுத்துவிட்டு, அதை மாட்ட வேண்டிய சாமான்களை எடுத்துக் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நானே வருகிறேன். வாட்ச்மேன் என்ன சொன்னாலும் கேட்டை விட்டு நகராதீர்கள். மெஷின் நின்றால் சாப்பாட்டுக்கு வெளியே விடுவார்கள், பவளம் வருவாள். அவளுடைய இரண்டு கையையும் நீங்கள் பார்த்துவிடுங்கள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எனக்கு வேறு எதையும் சொல்ல வேண்டாம், அதை மட்டும் முதலில் சொல்லுங்கள்.

அதாவுல்லா